சிறுநீரகத்துக்குப் பதிந்தாயிற்று, இனி என்ன செய்வது?

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. இப்போது அதை நடத்துவது டிரான்ஸ்டான் எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். நோயாளி நேரடியாக அங்கே பதிய முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பெயர் ஏறும்.

பலர் இதை ரேஷன் கடை வரிசை போல நினைத்து, பதிந்ததும் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காத்திருந்த காலம் கணக்கில் வருவது உண்மைதான். ஆனால் ரத்த வகை பொருந்த வேண்டும், கிராஸ்மேட்ச் (கொடையாளரின் அணுக்களை உங்கள் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) நெகட்டிவாக, அதாவது எதிர்ப்பு இல்லை என்று வர வேண்டும், அன்றைக்கு உங்கள் உடம்பு அறுவைச் சிகிச்சை தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும். முதலாவது நம் கையில் இல்லை. மற்ற இரண்டில் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் பெயர் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல், இதயச் சிக்கல், ஆறாத புண் என்று ஏதாவது ஒன்றால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருப்பார்கள். உடம்பு சரியான பிறகும் யாரும் அதைத் திரும்ப நடப்புக்குக் கொண்டுவராமல் மாதக்கணக்கில் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோஆர்டினேட்டரை (உங்கள் மருத்துவமனையில் உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைப்பவர்) கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "என் பெயர் ஆக்டிவ்வா இருக்கா? எந்த ரிப்போர்ட் பழசாயிடுச்சு?" எக்கோ என்னும் இதய ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் காலாவதியாகும். ராத்திரி அழைப்பு வந்த பிறகு எக்கோ எடுக்க ஓடினால் நேரம் போதாது.

அடுத்தது ரத்தம் ஏற்றுவது. இதைத்தான் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், "ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்பார்கள். ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களுக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கலாம். பிறகு நல்ல சிறுநீரகம் வந்தாலும் கிராஸ்மேட்ச் பாசிட்டிவாகிக் கைநழுவும். குழந்தை பெற்ற பெண்களுக்கு இந்தப் புரதங்கள் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதனால் இரும்புச்சத்து ஊசியையும் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசியையும் ஒரு தவணைகூட விடாதீர்கள். ரத்தம் ஏற்றியே ஆக வேண்டிய அவசரம் வந்தால், வெள்ளணு வடிகட்டிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஏற்றிய தேதியை அன்றே கோஆர்டினேட்டருக்குச் சொல்லுங்கள். புதிய சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்) எடுக்காமல் பழைய சீரத்தில் கிராஸ்மேட்ச் பார்த்தால், புதிதாக உண்டான எதிர்ப்புப் புரதம் அதில் தெரியாது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு உடனே நிராகரித்துவிடும் ஆபத்து உண்டு.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவு: 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு தவணை, மேற்கையில். முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ஊசியால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பாருங்கள். 10-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மாற்று சிகிச்சைக்குப் பிறகு போட முடியாது, எனவே தேவைப்பட்டால் முன்பே முடித்துவிடுங்கள். சொத்தைப் பல்லையும் இப்போதே எடுத்துவிடுங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் தொடங்கிய பிறகு அந்தச் சின்னச் சீழ் பெரிய தொற்றாகும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள்.

டயாலிசிஸை வாரம் இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் பலர். மூன்று முறை, நான்கு மணி நேரம் என்பதுதான் பொதுவான அளவு. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடை, உலர் எடையில் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை) 4 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 2.4 கிலோ. அதற்கு மேல் தொடர்ந்து ஏறினால் இதயம் வீங்கும், பிறகு மயக்க மருந்து நிபுணர் தயங்குவார். பொட்டாசியம் ஏறாமல் இருக்க, இளநீர் வேண்டவே வேண்டாம். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியம் ஏறியிருந்தால், அழைப்பு வந்த அன்று அறுவைக்கு முன் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும். நேரம் அதில் போகும்.

பட்டியலில் இருக்கும்போதே குடும்பத்தில் கொடையாளர் உண்டா என்றும் பாருங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி ஆகியோருடன் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளையும் 2011 சட்டத்திருத்தம் நெருங்கிய உறவாக ஏற்கிறது. ரத்த வகை பொருந்தாத இரு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் அதில் வழி உண்டு. "பணம் கொடுத்தால் முன்னால் ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது வந்தால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வாங்குபவரும் தப்ப முடியாது.

செலவையும் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றும் உண்டு. அதில் எவ்வளவு அடங்கும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் மாத்திரைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதை இப்போதே கேளுங்கள். மாத்திரை வாங்க முடியாமல் நடுவில் விட்டதால் சிறுநீரகத்தை இழப்பது, தவிர்க்கக்கூடிய இழப்புகளிலேயே கொடியது.

அழைப்பு வரும் ராத்திரி

மூன்று எண் கொடுங்கள்: உங்களுடையது, வீட்டில் உள்ள ஒருவருடையது, பக்கத்தில் இருக்கும் ஒருவருடையது. தெரியாத எண்ணைத் துண்டிக்கும் செயலியை நீக்கிவிடுங்கள். சிம் மாற்றினால் அன்றே தெரிவியுங்கள். எடுக்காத அழைப்புக்காகச் சிறுநீரகம் காத்திருக்காது; அது வெளியே எடுத்து, குளிரில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் வேலைத்திறன் குறையும். 24 மணி நேரத்துக்குள் பொருத்திவிடத்தான் பார்ப்பார்கள்.

ஆதார், காப்பீட்டு அட்டை, ஃபைல், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கடைசி டயாலிசிஸ் தாள் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் ஓட்டுநர் ஒருவரிடம் முன்பே பேசிவையுங்கள். போன் வந்ததும், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், கடைசி டயாலிசிஸ் எப்போது, காய்ச்சல், இருமல் உண்டா, ரத்தம் மெலிக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தண்ணீரானாலும் அவர்கள் சொன்னபடிதான்.

ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிடுவது வழக்கம். முதலாமவருக்குக் கிராஸ்மேட்ச் ஒத்துவராவிட்டால் அடுத்தவருக்குப் பொருத்துவார்கள். ஒத்துவந்துவிட்டால் மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியிருக்கும். அப்படித் திரும்பினால், உங்களுக்கு ஏன் பொருத்தவில்லை என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கிராஸ்மேட்ச் பாசிட்டிவா, உடல்நிலையா, அல்லது முன்னால் இருந்தவருக்கு ஒத்துவந்ததா? கிராஸ்மேட்ச் என்றால் எதிர்ப்புப் புரத அளவு பற்றி நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவர்) அந்த வாரமே பேசுங்கள். உடல்நிலை என்றால் அதைச் சரிசெய்து, பெயரை மறுபடி ஆக்டிவ் ஆக்கச் சொல்லுங்கள். பட்டினி கிடந்த நாளில் டயாலிசிஸ் தவறியிருந்தால் மறுநாளே போட்டுக்கொள்ளுங்கள்.