நாலு வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே ஆள்: பிளாக்குக்குள்ளேயே பராமரிப்பு ஏற்பாடு செய்வது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் 12 வீடு. அதில் நாலு வீட்டில் 70 தாண்டியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் சிறுசேரி, பெங்களூர், துபாய் என்று ஆளுக்கொரு மூலையில். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ஒரு ஏஜென்சியில் ஆள் கேட்டேன். மூன்று மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள், ஒவ்வொருவர் வரும்போதும் எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் பிடித்து எழுப்ப வேண்டும் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கீழ் வீட்டுத் தாத்தாவுக்கும் இதே பாடுதான். கடைசியில் நாலு வீடும் சேர்ந்து ஒரே அக்காவை வேலைக்கு வைத்தோம், இரண்டு வருடமாக நன்றாகவே போகிறது.

இந்த யோசனை வெளியூரிலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரிடையர்மென்ட் வில்லேஜ் என்றால் பெரியவர்கள் அவரவர் வீட்டில் தனியாக வாழும் வளாகம். முதியோர் இல்லத்தைப் போலன்றி அங்கே பராமரிப்பு கூடவே வராது, தேவைப்படுகிறவர் வெளியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும். பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும்போது ஒரே வளாகத்துக்கு நாலு நிறுவனத்து ஆட்கள் தனித்தனியாக வந்து போவது வீண். அதனால் எல்லாருடைய நேரத்தையும் சேர்த்து ஒரு குழுவை வளாகத்திலேயே வைத்துக்கொள்வது ஒரு வழி. நம் ஊரில் கோயம்புத்தூர் பக்கம் அப்படிப்பட்ட வளாகங்கள் நிறைய உண்டு, ஆனால் ஹார்பர் பென்ஷனிலும் மில் வேலை சேமிப்பிலும் காலம் தள்ளுகிறவர்களுக்கு அங்கே கேட்கிற முன்பணம் எட்டாது. எட்டினாலும் காசிமேட்டு மீனை விட்டு அம்மா வர மாட்டார்.

சரி, எங்கே தொடங்குவது? ஆள் தேடாதீர்கள், முதலில் நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் எந்த மணிக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், காலை 6 முதல் 9 வரைதான் எல்லாருக்கும் இடிக்கும் என்று தெரியும். கக்கூஸ், குளியல், சுகர் மாத்திரை, டிபன் எல்லாம் அதற்குள்தான். எங்கள் பிளாக்கில் தாத்தா தன் குளியலை 11 மணிக்குத் தள்ளிக்கொண்டார், ஒரு பெரியம்மா முந்தின நாள் சாயங்காலமே குளித்துக்கொண்டார், அப்படித்தான் ஒரே ஆளால் சமாளிக்க முடிந்தது. இதைப் பெரியவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் போனில் பேசி முடிவெடுத்தால் இரண்டாவது வாரமே சண்டை வரும்.

பணத்தையும் நேரக் கணக்கிலேயே பிரியுங்கள். சம்பளம் 20,000, மொத்தம் நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரம் தேவைப்படும் வீடு 7,500, 2 மணி நேர வீடுகள் இரண்டும் தலா 5,000, ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிற வீடு 2,500. பணத்தைச் சேர்த்து அக்கா கையில் கொடுக்கும் பொறுப்பையும் ஒருவரிடமே விடுங்கள். வாரம் ஒரு நாள் லீவு கட்டாயம் கொடுங்கள், அன்றைக்கு மாற்று ஆள் யார் என்று முன்னாடியே பேசி வையுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் தமிழ்நாடு காவல்துறை இணையதளம் வழியாகவே செய்யலாம்.

அந்த அக்கா எதைச் செய்ய மாட்டார் என்பதை எழுதிவைப்பது ரொம்ப முக்கியம். இன்சுலின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை; சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணைச் சுத்தம் செய்வது இதெல்லாம் நர்ஸ் வேலை. இதற்கு உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம் இது; பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ரேஷன் பொருளைப் பெரியவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தர அரசின் தாயுமானவர் திட்டம் இருக்கிறது. யாராவது பெரியவரைக் கொடுமைப்படுத்துவது தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். என்ன சாப்பிட்டார், மலம் போனதா, எந்த மாத்திரை கொடுத்தது, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா. இந்தச் சிவப்புதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம், அன்றைக்கே பார்த்தால் காப்பாற்றலாம். அக்காவுக்கு எழுத வராவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும்.

ராத்திரிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கி, சுவிட்சைப் பெரியவர் கட்டிலிலும் மணியை எதிர்வீட்டிலும் வைத்தோம். மாற்றுச் சாவியும் எதிர்வீட்டில்தான். நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் மாணவர்களுக்கு வாடகை இல்லாமல் அறை கொடுத்து, மாதம் 30 மணி நேரம் பெரியவர்களோடு இருக்கச் சொல்கிறார்கள். இங்கே மாடியில் தங்கியிருக்கும் காலேஜ் பையனுக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் அம்மா வீட்டில், அவன் தூங்கப்போகுமுன் நாலு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

நம் பழைய பிளாக்குகளில் லிப்ட் கிடையாது, படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. 108 வந்து கீழே நிற்கும்போது யோசித்தால் நேரம் போய்விடும், அதனால் கை வைத்த உறுதியான நாற்காலி ஒன்றையும் தூக்க வரும் நாலு பேர் நம்பரையும் இப்போதே தயாராக வைத்து ஒருமுறை வெறும் நாற்காலியை இறக்கிப் பாருங்கள். இடுப்பு, கழுத்து முறிந்திருக்கும் என்று தோன்றினால் மட்டும் தூக்காதீர்கள், ஆம்புலன்ஸ்காரர் வரட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையை நாம் மறக்க முடியாது. மழைக்காலத்தில் 10 நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும், தரைத்தள வீட்டுப் பெரியவர் எந்த மாடி வீட்டுக்குப் போவார் என்பது அக்டோபரிலேயே முடிவாகட்டும்.

அப்புறம், பேசவே கூச்சப்படுகிற ஒன்று. நாலு பேரில் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வது? போன தை மாதம் அந்தப் பெரியம்மா போய்விட்டார். முதலிலேயே பேசி வைத்திருந்தபடி அவர் மகன் இரண்டு மாதப் பங்கைக் கொடுத்தார், அதற்குள் அடுத்த பிளாக்கிலிருந்து ஒரு பாட்டி சேர்ந்துகொண்டார். அக்காவின் சம்பளம் ஒரு மாதம்கூடக் குறையவில்லை.