அடிப்படை உரிமைகளைக் கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"அடிப்படை உரிமைகள் எங்கிருந்து வந்தன?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே ஒரே குரலில் "அமெரிக்கா!" என்னும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். பாடத்தையும் அதோடு முடித்துவிடுவதுதான் பெரிய தவறு.

இந்திய அரசியலமைப்பின் பிரிவு 15-ன் 2-ஆம் உட்பிரிவை ஒரு மாணவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சாதி, மதம் போன்றவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது: கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று போகும். நாட்டின் உச்ச சட்டத்தில் கிணற்றுக்கும் குளத்துக்கும் என்ன வேலை? கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அப்புறம் மகாராஷ்டிராவின் மகத் ஊருக்குப் போகலாம். அங்கே சவுதார் குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது, காகிதத்தில். 1927 மார்ச்சில் அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாலைக்குக் கேரளத்தின் வைக்கம் இருக்கிறது: ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக 1924-ல் தொடங்கிய போராட்டம், பெரியார் சிறை சென்ற போராட்டம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17-க்கு இணையான வரி அமெரிக்க உரிமைப் பட்டயத்தில் கிடையாது.

1950 ஜனவரி 26-ல் எழுதி முடித்துப் பூட்டிவிட்டார்கள் என்பதுபோல் நடத்துவது இன்னொரு தவறு. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களிலேயே முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 4-ஆம் உட்பிரிவு பிரிவு 15-ல் சேர்ந்தது. சொத்துரிமை 1978-ன் 44-ஆவது திருத்தத்தால் பட்டியலைவிட்டு வெளியேறியது. கல்வி உரிமை 2002-ன் திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. வாக்குரிமையையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது பிரிவு 326, வேறு பகுதி.

"கடமையைச் செய்தால்தான் உரிமை" என்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த வசனம். வகுப்பை அமைதியாக்க உதவலாம், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அடிப்படைக் கடமைகள் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் சேர்க்கப்பட்டவை. இதற்குக் கேரள வழக்கு ஒன்று நல்ல உதாரணம். 1985-ல் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியைவிட்டு நீக்கினார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. "சரி சார், எழுந்தே நிற்கலைன்னா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பதில் சொல்லிவிடாதீர்கள். மணி அடிக்கும்வரை அவர்களே வாதாடட்டும்.