வாடை எங்கிருந்து வருகிறது? ஜாடி வைத்துப் பிடிக்கும் வழி

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் இருப்பவர்களுக்கு வாடை புதிதில்லை. கட்டிப்பால் (உறைந்து கட்டியான ரப்பர் பால்) ஏற்றிய லோரி போனால், அது கண்ணுக்கு மறைந்த பிறகும் ரோட்டில் சொட்டிய தண்ணீர் நாறிக்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நாம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் போன தீபாவளிக்கு முன்னால் அக்கா வீட்டில் புது கிச்சன் கேபினெட் போட்டு மூன்று வாரம் ஆகியும் கண் எரிகிறது என்று அவள் சொன்னபோது, ரப்பர் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நானே யோசிக்காமல் "ஆலைக் காத்தா இருக்கும்க்கா" என்றேன். "ஏன்டா தம்பி, நாப்பது வருசமா அந்தக் காத்துலதானே இருக்கேன், இப்பதான் எரியுமா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

அவள் அதற்குள் ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தாள். 'விஓசி' என்று ஒரு எண், 'ஃபார்மால்டிஹைடு' (கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஒரு வாயு) என்று இன்னொரு எண் காட்டும் கையடக்கப் பெட்டி. வெங்காயம் தாளித்தால் சிவப்பு, கையில் சானிடைசர் தடவினால் சிவப்பு, டுரியான் பிளந்தால் கத்தவே ஆரம்பித்துவிட்டது. இந்த மாதிரி மலிவு மீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு சென்சார். எந்த ஆவி பட்டாலும் அதன் மின்தடை மாறும், எது பட்டது என்று அதற்குத் தெரியாது. திரையில் தனியாக ஓடும் ஃபார்மால்டிஹைடு எண் பல நேரம் அதே சென்சாரிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுவதுதான். விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு: ஆலைகளில் பயன்படுத்தும் புற ஊதா விளக்குக் கருவிகள் ஆவியை அயனியாக்கித்தான் (மின்னேற்றித்தான்) கண்டுபிடிக்கும், அவற்றில் வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலக்ட்ரான் வோல்ட், ஃபார்மால்டிஹைடை அயனியாக்க 10.88 வேண்டும், ஆக அது பக்கத்திலேயே நின்றாலும் கருவிக்குக் கண் தெரியாது. மீட்டர் வாங்கியவர்கள் தூக்கிப் போட வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் எண் இறங்குகிறதா என்று பார்க்க உதவும். பெயர் சொல்ல மட்டும் உதவாது.

சரி, விஓசி என்றால் என்ன என்று ஒரு நிமிடம். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். உலகச் சுகாதார நிறுவனம் கொதிநிலையை வைத்துப் பிரிக்கிறது, ஏறக்குறைய 50–100 டிகிரியில் தொடங்கி 240–260 டிகிரி வரைக்கும் கொதிப்பவை இந்த வகை. பென்சீன் 80 டிகிரி, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் 218. ஃபார்மால்டிஹைடு மைனஸ் 19 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கண்டிப்பான கணக்கில் அது இந்தக் கூட்டத்தில் சேராது, அதைப் பிடிக்கிற முறையும் வேறு. இதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுக்கூடத்துக்குக் காசு கட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று: வாடை பலமாக இருந்தால் ஆபத்து அதிகம், வாடை இல்லையென்றால் சுத்தம் என்று நினைக்கவே கூடாது. பாண்டான் இலைக்கு மணம் தரும் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள் தண்ணீரில் நூறு கோடியில் 0.1 பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பாஸ்மதி அரிசியின் மணமும் அதுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. பென்சீன் எதிர்மாதிரி, அதன் வாடை நமக்கு எட்டும்போது இருக்கக்கூடாத அளவை அது எப்போதோ தாண்டியிருக்கும். மூக்கு மூலத்தைத் தேட நல்ல நாய், அளவு சொல்ல மோசமான தராசு.

முதல் வேலை நோட்டுப் புத்தகம். ஒரு வாரத்துக்கு நேரம், மழையா வெயிலா, ஜன்னல் திறந்ததா மூடியதா, யார் என்ன சமைத்தார், கண் எரிந்ததா என்று எழுதுங்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும், அதனால் வெளியே கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வரும் அந்த முதல் மூச்சைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆலை வாடை என்றால் காற்று அசையாத விடியற்காலையில் வெளியேதான் அதிகம் இருக்கும். வீட்டுப் பொருளின் வாடை என்றால் நாள் முழுக்க பூட்டிக் கிடந்த வீட்டைச் சாயங்காலம் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். அக்காவின் நோட்டில் ஏழில் ஆறு நாள் சாயங்காலம். என் ஆலைக் கதை அங்கேயே முடிந்தது.

அப்புறம் ஜாடி. இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. கார் உள்பாகங்களின் வாடையைச் சோதிக்க ஜெர்மன் கார்த் துறை வைத்திருக்கும் விடிஏ 270 என்ற முறையின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொருளை மூடிய ஜாடியில் போட்டு 40 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, குறைந்தது மூன்று பேரை முகரச் சொல்லி, 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் தெரியவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊர் மதியத்தில் ஜிங்க் கூரைக்கு அடியில் நிழலாக வைத்தால் அந்தச் சூட்டுக்கு அடுப்பே தேவையில்லை.

ஒரே அளவுள்ள கண்ணாடி ஜாடிகள் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். வாசனை இல்லாத சோப்பில் கழுவி, வெந்நீர் ஊற்றி, கவிழ்த்து நன்றாகக் காய வையுங்கள். சந்தேகப்படும் ஒவ்வொரு பொருளிலும் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்று, ஒரு ஜாடிக்கு ஒன்றுதான். அக்கா வீட்டில் கேபினெட் போட்டவர்கள் பின்பக்கம் விட்டுப்போன சிப்போர்டு (மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பலகை) துண்டு, கதவுக்கு ஒட்டிய லேமினேட், அலமாரியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு, புதுத் திரைச்சீலை, சாயம் பூசிக் காய்ந்த அட்டை என்று ஐந்து எடுத்தோம். ஆறாவது ஜாடியில் ஒன்றுமே போடக்கூடாது. இந்த வெற்று ஜாடியை நிறைய பேர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

ஏன் என்றால், முதல் தடவை எங்கள் வெற்று ஜாடியே நாறியது. அடியில் எண் எழுதி, எது எது என்று தெரியாமல் மருமகன் வரிசையை மாற்றி வைத்துக் கொடுக்க, நான், அக்கா, பக்கத்து வீட்டு அண்ணி மூன்று பேரும் முகர்ந்து தனித்தனியாக எண் எழுதினோம். பார்த்தால் வெற்று ஜாடிக்கு அண்ணி 4 போட்டிருக்கிறார். "இது மாங்கா ஊறுகா" என்று வேறு அடித்துச் சொல்கிறார். உண்மைதான், ஜாடியைத் தேய்த்துக் கழுவிய அக்கா பழைய மூடியையே போட்டிருந்தாள், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வருடக்கணக்கில் உறிஞ்சி வைத்த ஊறுகாய் வாடை சூட்டில் வெளியே வந்துவிட்டது. அந்த நாள் முழுக்க வீண். மறுநாள் எல்லா ஜாடிக்கும் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டு நூலால் கட்டினோம். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே தொல்லைதான், பஞ்சு, குழாய், கையுறை என எல்லாமே ஆவியை உறிஞ்சி பிறகு விடும், அதனால்தான் அவர்கள் காற்றைப் பிடிக்கும் குழாய்களில் திறக்காத ஒன்றை எப்போதும் கூடவே கொண்டுபோய்க் கூடவே கொண்டுவருவார்கள்.

முகரும்போது ஜாடிக்குள் மூக்கை விடாதீர்கள். தாளை ஒரு ஓரம் திறந்து, கையால் விசிறி, ஒரே மூச்சு. அடுத்த ஜாடிக்கு முன்னால் வெளியே போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். தின்னர், பூச்சி மருந்து, தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் களைக்கொல்லி, பெயர் தெரியாத எந்தத் திரவமும் ஜாடிக்குள் போகக் கூடாது. கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், பிள்ளைகள் முகர வேண்டாம்.

இரண்டாவது சுற்றில் வெற்று ஜாடிக்கு மூன்று பேரும் 1. லேமினேட் 2, திரைச்சீலை 2, சாயம் 2, விரிப்பு 3. சிப்போர்டுக்கு 5, 5, 4. வாடை என்பதைவிட மூக்குக்குள் ஊசி குத்தியது போல. டார்ச் அடித்து கேபினெட் உள்ளே பார்த்தால், கதவு எல்லாம் பளபள, ஆனால் சிங்க்குக்கு அடியில் குழாய்க்காக வெட்டிய ஓட்டையும் பின்பலகையின் ஓரமும் மூடாமல் வெறும் பலகையாக இருந்தன. அந்தப் பலகையை ஒட்டும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைக்குச் சூடும் ஈரமும் ஆகாது, மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடை விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை, சிங்க்குக்கு அடியில் கேட்கவே வேண்டாம். (புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் பிரிவில் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.)

என்ன செய்தோம்? வெட்டிய ஓரங்களை அலுமினிய டேப்பால் மூடினோம், ஒழுகிய குழாயைச் சரி செய்தோம், கேபினெட் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலில் காத்தாடியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து ஓட்டினோம். ஏர்கோன் போட்டால் போதும் என்று மச்சான் சொன்னார், வீட்டில் மாட்டும் சாதாரண ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. செடி வைக்கலாமா என்று கேட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அழகுக்கு வையுங்கள். கரி மூட்டை? தேங்காய்ச் சிரட்டைக் கரி உண்மையிலேயே நல்ல சரக்கு, தொழிற்சாலைக் காற்றில் பென்சீன், டொலுயீன் பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் இருப்பதே அதுதான், முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. ஆனால் சாதாரணக் கரியில் ஃபார்மால்டிஹைடு சரியாக நிற்காது. புதிதாகப் பலகை வாங்குகிறவர்கள் ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் இ1 தரமா, அல்லது ஜப்பான் கணக்கில் நான்கு நட்சத்திரமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஜாடி வேலை செய்யாத இடங்களும் உண்டு. எரியும் பொருளை ஜாடியில் போட முடியாது. மலேசியக் கொசுவத்திகளையும் சேர்த்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் வரை போகலாம் என்று வந்தது. மூடிய அறையில் இரவு முழுக்க அதைக் கொளுத்திவிட்டு கேபினெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஊதுவத்தியும் சாம்பிராணியும் அதே கதை, நிறுத்தச் சொல்லவில்லை, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன். பாச்சை உருண்டைக்கு மட்டும் நான் கறாராக இருப்பேன்: ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ள குழந்தைக்கு நாப்தலீன் ஆவி இரத்த அணுக்களை உடைத்துவிடும். இங்கே பிறந்தவுடனே அந்தச் சோதனை செய்கிறார்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சமையலறையிலும் ஜாடி உதவும். தீபாவளி முறுக்கு மூன்றாம் வாரம் 'சிக்கு' அடிக்கிறது என்போமே, எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலம் காற்றுப் பட்டு உடைந்து ஹெக்சனல் போன்ற ஆல்டிஹைடுகளாக மாறுவதுதான் அது. பொட்டலத்தில் முகர்ந்தால் தெரியாத சிக்கு, நான்கு முறுக்கை உடைத்து ஜாடியில் ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்தால் தெரிந்துவிடும். உணவு ஆய்வாளர்கள் செய்வதும் இதையே. மூடிய குப்பியின் மேல்காற்றுக்குள் ஒரு மெல்லிய பூச்சுள்ள இழையை நீட்டி, அதில் ஒட்டியதை வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் விட்டுப் பெயர் வாரியாகப் பிரிப்பார்கள். அந்த இழை முறை கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஸ் பாவ்லிஷின் 1990 வாக்கில் கொண்டுவந்தது. டுரியானையும் இப்படிப் பிரித்துப் பிரித்து ஜெர்மனியில் ஒரு குழு ஆராய்ந்தது, டஜன் கணக்கில் வாசனைப் பொருட்கள் இருந்தும் இரண்டை மட்டும் சரியான அளவில் கலந்தாலே டுரியான் மணம் வந்துவிடுகிறது என்று 2017-இல் எழுதினார்கள்: ஒன்று பழ வாசம், மற்றொன்று வதக்கிய வெங்காய வாசம். மீட்டர் கத்தியதில் ஆச்சரியமே இல்லை.

இவ்வளவு செய்தும் எரிச்சல் போகவில்லை என்றால்தான் ஆய்வுக்கூடம். அப்போது 'மொத்த விஓசி எவ்வளவு' என்று மட்டும் கேட்டு வராதீர்கள், பெயர் பெயராகப் பட்டியல் வேண்டும் என்று சொல்லுங்கள். டெனாக்ஸ் என்ற உறிஞ்சு பொருள் நிரப்பிய குழாயில் எடுப்பது பொதுவான ஆவிகளுக்கு, ஃபார்மால்டிஹைடுக்கு அதோடு வினை செய்து பிடிக்கும் டிஎன்பிஎச் என்ற இரசாயனம் தடவிய தனிக் குழாய் வேண்டும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதற்கும் சேர்த்து அறிக்கை தர முடியாது. எடுப்பதற்கு முந்தின நாள் கால் மணி நேரம் எல்லாக் கதவையும் திறந்து காற்றை மாற்றி, பிறகு எட்டு மணி நேரமாவது மூடி வைக்க வேண்டும், அதுதான் உள்ளகக் காற்றுக்கான ஐஎஸ்ஓ 16000 தர வரிசையில் உள்ள வழக்கம். வேலையிடங்களுக்கான மலேசிய உள்ளகக் காற்று நடைமுறைக் குறிப்பு 2010-இன்படி ஃபார்மால்டிஹைடு 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு), மொத்த விஓசி 3 பிபிஎம் தாண்டக்கூடாது. வீட்டுக்கு அது சட்டம் இல்லை என்றாலும் ஒப்பிட ஒரு கோடு.

ஆலை வாடைதான் என்று நோட்டு சொன்னால், அந்த நோட்டுதான் உங்கள் ஆயுதம். கட்டிப்பால் அழுகும்போது வருவது அசிட்டிக், பியூட்டிரிக், ஐசோவலேரிக் மாதிரி கொழுப்பு அமிலங்கள், மிகச் சிறிய அளவிலேயே நாறும். தேதி, நேரம், காற்று வந்த திசை மூன்றும் இருக்கும் புகாரைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் கொடுத்தால் கேட்பார்கள், 'எப்பவும் நாறுது' என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் மயங்குவது, வாந்தி எடுப்பது போல் இருந்தால் நோட்டெல்லாம் அப்புறம், முதலில் வெளியேறுங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூடினார்கள்.

அக்காவுக்கு இப்போது கண் எரிச்சல் இல்லை, மீட்டர் மட்டும் தாளிக்கும்போது கத்துகிறது. ஜாடிகளில் மறுபடி ஊறுகாய் போடலாமா என்று கேட்டாள். பலகைத் துண்டு வைத்ததைத் தூக்கிப் போட்டுவிடு, மற்றதில் போடலாம், மூடியை மட்டும் மாற்று என்றேன்.