விக்கிப்பீடியாவில் எழுதுமுன் அடைமொழியை எடுத்துவிடுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'உலகப் புகழ்பெற்ற', 'ஈடு இணையற்ற' எல்லாம் தானாக வந்து விழும். எழுதி முடித்ததும் அவற்றை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அடைமொழியே வேண்டாம். முதலாம் இராசராசன் கட்டியது, 1010-இல் நிறைவடைந்தது, 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்த மூன்றுமே அதன் பெருமையைச் சொல்லிவிடும்.

அப்புறம், அந்த நிழல் விஷயம். 'விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று எத்தனையோ இடங்களில் எழுதியிருக்கிறார்கள். காலையிலோ மாலையிலோ அங்கே போய் நின்றால் நீளமான நிழலை யாரும் பார்க்கலாம். ஆனால் 'நானே பார்த்தேன்' என்பது விக்கிப்பீடியாவில் சான்றாகாது. சொந்த ஆய்வுக்கு இடமில்லை. அதனால் 'நிழல் விழாது என்றொரு நம்பிக்கை மக்களிடம் உண்டு' என்று எழுதி, அதைப் பதிவு செய்த நூலைச் சான்றாகக் கொடுங்கள். அதை மறுக்கும் நூல் கிடைத்தால் அடுத்த வரியிலேயே அதையும் சேருங்கள்.

சான்றை அந்தந்த வாக்கியத்தின் முடிவிலேயே, பக்க எண்ணோடு போடுங்கள். கட்டுரையின் அடியில் மொத்தமாக நான்கு நூல்களை அடுக்கினால் எந்தத் தகவல் எதிலிருந்து வந்தது என்று சரிபார்க்கவே முடியாது. ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: இணையத்தில் கிடைக்கும் பல பக்கங்கள் விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்தவை. அவற்றையே சான்றாகக் காட்டினால், பிழையான தகவலுக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.