எம்விவிஎம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்விவிஎம் என்பது மென்பொருளைத் தரவு (மொடல்), திரை (வியூ), இரண்டுக்கும் நடுவே திரைக்கான மதிப்புகளை வைத்திருக்கும் வியூமொடல் என்று மூன்றாகப் பிரித்து எழுதும் முறை. அந்த முறையில் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பவுண் 240,000 ரூபாய். ஒரு பவுணுக்கு 8 கிராம், ஆகவே கிராம் 30,000. 12 கிராம் சங்கிலிக்கு 360,000, செய்கூலி 15,000, மொத்தம் 375,000. பில் திரையில் திறந்திருக்கும்போதே பவுண் 248,000 ஆகிறது. விலைக் கட்டத்தில் புது எண் வந்துவிடும். மொத்தம் மட்டும் 375,000 இலேயே நிற்கும். வரவேண்டியது 387,000. பிழைச் செய்தி எதுவும் வராது, 12,000 ரூபாய் மட்டும் குறையும்.

புதிதாகப் பழகுபவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு இது. மொத்தம் என்பது விலை, எடை, செய்கூலி மூன்றிலிருந்தும் பிறக்கும் புரொபர்ட்டி, அதாவது வியூமொடலில் பெயரோடு இருக்கும் ஒரு மதிப்பு. அதற்கென்று செட்டர் (புது மதிப்பை வாங்கி வைக்கும் பகுதி) இல்லாததால், அது மாறிவிட்டது என்பதைத் திரைக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே விலையின் செட்டரே அதையும் சொல்ல வேண்டும். அங்கே வரிசை முக்கியம்: பழைய மதிப்பும் புதியதும் ஒன்றாக இருந்தால் திரும்பிவிடுங்கள், பிறகு மதிப்பை உள்ளே வையுங்கள், அதன்பின் விலை மாறியதாக அறிவியுங்கள், கடைசியில் மொத்தம் மாறியதாக அறிவியுங்கள். மதிப்பை வைக்கும் முன்பே அறிவித்தால், வியூ உடனே வந்து பழைய எண்ணையே வாசித்துக்கொண்டு போகும். எடைக்கும் செய்கூலிக்கும் இதே நான்கு படிகள்.

இப்படி அறிவிக்கும்போது புரொபர்ட்டியின் பெயரைக் கையால் தட்டச்சு செய்வது அடுத்த பொறி. ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. சீ ஷார்ப்பில் இதற்காகவே நேம்ஒஃப் இருக்கிறது, அதில் பெயர் பிழைத்தால் கம்பைலரே சொல்லிவிடும். திரையை வரையும் எக்ஸாமல் பக்கத்தில், கட்டத்தைப் புரொபர்ட்டியுடன் இணைக்கும் பைன்டிங்கில் பெயர் பிழைத்தால் மென்பொருள் நிற்காமல் ஓடும், கட்டம் வெறுமையாக இருக்கும். விஷுவல் ஸ்டூடியோவின் அவுட்புட் சாளரத்தில் 40 என்ற இலக்கத்துடன் ஒரு பைன்டிங் பிழை பதிவாகியிருக்கும். கட்டம் வெறுமையாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பட்டியல்களிலும் இதே குழப்பம் உண்டு. ஒப்சேவபிள் கொலெக்ஷன் என்ற பட்டியல் வகை, உருப்படி சேர்வதையும் நீங்குவதையும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் மோதிரத்தின் எடை மாறினால் அதை அந்த மோதிரத்தின் கிளாஸ்தான் அறிவிக்க வேண்டும். பின்னணித் திரெட்டிலிருந்து பட்டியலில் கை வைத்தால் டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் திரைகளுக்கான மைக்ரோசொஃப்டின் கருவித்தொகுதி) எக்செப்ஷன் எறியும்.

எடையை உள்ளிடும் கட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். டபிள்யூபிஎஃப்பில் டெக்ஸ்ட்பொக்ஸ், கர்சர் அதைவிட்டு வெளியேறும்போதுதான் எடையை வியூமொடலுக்கு அனுப்பும். காசாளர் 14 என்று அடித்துவிட்டு என்டர் தட்டினால், டிஃபோல்ட் பொத்தான் வேலை செய்துவிடும், கர்சர் நகர்ந்திருக்காது. பில் பழைய 12 கிராமுக்கே போகும். இதைத் திருத்த, ஒவ்வொரு எழுத்துக்கும் அனுப்பு என்று மாற்றுவார்கள். அப்போது 12.5 என்று அடிக்கப் போனால் புள்ளி மறைந்துவிடும்: 12க்குப் பின் புள்ளி வைத்ததும் அது 12 என்ற எண்ணாகி, 12 என்றே கட்டத்துக்குத் திரும்பி வரும். டொட்நெட் 4.5 முதல் இப்படித்தான். எங்கள் தேர்வு: எடையை வியூமொடலில் எழுத்தாகவே ஒரு புரொபர்ட்டியில் வாங்கி, அங்கேயே டெசிமலாக மாற்றி, மாற முடியாவிட்டால் பிழையைக் காட்டுவது. பணத்துக்கும் எடைக்கும் டபிள் (தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வேண்டாம்.

கொழும்பில் எழுதும் மென்பொருளுக்கு மூன்று மொழிகள் தேவைப்படும். இங்கேதான் வியூமொடலின் எல்லை சோதனைக்கு வருகிறது. ‘பில் சேமிக்கப்பட்டது’ என்ற வசனத்தை வியூமொடலில் வைத்துவிட்டால், அண்ட்ரொய்டில் மொழியைச் சிங்களத்துக்கு மாற்றியதும் அக்டிவிட்டி (திரையைத் தாங்கும் பகுதி) புதிதாகக் கட்டப்படும், வியூமொடல் பழையதே தொடரும். சுற்றிலும் சிங்களம், நடுவில் ஒரு தமிழ் வரி. வியூமொடல் ‘சேமித்தாயிற்று’ என்ற நிலையை மட்டும் சொல்லட்டும். சொற்களை ரிசோர்ஸ் கோப்பிலிருந்து வியூ எடுத்துக்கொள்ளட்டும். டபிள்யூபிஎஃப்பில் இன்னொன்று: கணனியின் மொழி எதுவானாலும், பைன்டிங் எண்களையும் திகதிகளையும் அமெரிக்க ஆங்கில முறையில்தான் காட்டும். லாங்குவேஜ் புரொபர்ட்டியை நீங்களே அமைக்க வேண்டும்.

மெசேஜ்பொக்ஸை வியூமொடலுக்குள் இருந்து திறப்பதும் இதே வகைத் தவறு. யூனிட் டெஸ்ட் ஓடும்போது ஓகே அழுத்த ஆளின்றி அது அப்படியே நிற்கும். ஓர் இன்டர்ஃபேஸ் வழியாகக் கேளுங்கள். டெஸ்டில் அதற்குப் போலி ஒன்றைக் கொடுக்கலாம். சேமிக்கும் வேலை நடக்கும்போது கொமாண்டை (பொத்தான் இயக்கும் கட்டளையை) முடக்கிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அழுத்தலுக்கு இரண்டு பில்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கோட்பிஹைன்டில் (திரையோடு ஒட்டிய கோட் கோப்பில்) ஒரு வரிகூட இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், கர்சரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த 60 வரி எழுதுகிறார்கள். கர்சர், ஸ்க்ரோல், அனிமேஷன் எல்லாம் திரையின் சொந்த வேலைகள். அவை அங்கேயே இருக்கலாம். மைக்ரோசொஃப்டில் ஜோன் கொஸ்மன் 2005இல் இந்த முறையை அறிமுகப்படுத்தியவர். எளிய திரைகளுக்கு இது மிகையாகிவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு கட்டமும் ஒரு பொத்தானும் உள்ள திரைக்கு நேராக எழுதிவிட்டுப் போங்கள்.

அண்ட்ரொய்டில் கடைசியாக இரண்டு. அக்டிவிட்டியை வியூமொடலுக்குள் பிடித்து வைக்காதீர்கள். திரை சுழன்ற பிறகும் பழைய அக்டிவிட்டி நினைவகத்தை விட்டுப் போகாது. சுழற்சியைத் தாங்குகிறது என்பதற்காக வியூமொடல் எல்லாவற்றையும் தாங்கும் என்றும் நம்பாதீர்கள். நினைவகம் போதாமல் சிஸ்டம் செயலியின் புரொசெஸ்ஸையே மூடினால் அதுவும் போய்விடும். பாதி போட்ட பில்லின் எடையையும் செய்கூலியையும், புரொசெஸ் மூடப்பட்டாலும் மதிப்புகளைக் காக்கும் சேவ்ட்ஸ்டேட்ஹான்டிலில் வையுங்கள். டெவலப்பர் அமைப்புகளில் அக்டிவிட்டிகளை வைத்திருக்க வேண்டாம் என்ற தெரிவை இயக்கி, பில்லின் நடுவில் வேறு செயலிக்குப் போய்த் திரும்புங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் அந்த இரண்டு மதிப்புகளும் இன்னும் வியூமொடலில் மட்டும்தான் கிடக்கின்றன.