உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோருக்கும் கூடுதல் நேர ஊதியம் உண்டு: மலேசியாவில் அதைக் கணக்கிட்டுக் கேட்கும் முறை

செம்பனைக் குலைகளை டன் கணக்கில் அறுப்பவர்களும், ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுப்பவர்களும் ஓவர்டைம் கேட்டால், "செய்த வேலைக்குத்தான் கூலி வந்துவிடுகிறதே" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, கூலி எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும், வழக்கமான நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு மணிக்கூலியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கு இவ்வுரிமை இல்லை என்றாலும், உடலுழைப்புத் தொழிலாளர்களை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

முதலில் உங்களுடைய வழக்கமான வேலை நேரம் எவ்வளவு என்பதை வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே உச்ச வரம்பு. ஒப்பந்தம் அதைவிடக் குறைவான நேரத்தைச் சொன்னால், அதைத் தாண்டியதெல்லாம் கூடுதல் நேரமாகும். இங்கே உருப்படிக் கணக்குக்காரர்கள் அதிகம் இழப்பது காத்திருக்கும் நேரத்தைத்தான். துணி வந்து சேரவில்லை, இயந்திரம் பழுதாகிவிட்டது, குலையை ஏற்ற லாரி வரவில்லை என்று உட்கார்ந்திருக்கும்போது கையில் உருப்படி எதுவும் சேராது. ஆனால் தம் விருப்பப்படி எழுந்து போக முடியாமல் முதலாளியின் பொறுப்பில் ஒருவர் இருக்கும் நேரம் முழுவதையும் சட்டம் வேலை நேரமாகவே கொள்கிறது. ஆகவே காலையில் வேலைக்கு வந்து நின்ற நேரத்தையும் மாலையில் விடுபட்ட நேரத்தையும், இடையில் கிடைத்த ஓய்வையும், அன்று முடித்த எண்ணிக்கை அல்லது எடையையும் ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வாருங்கள். மேற்பார்வை செய்யும் மண்டோரோ கணக்கெழுதும் கிராணியோ வைத்திருக்கும் பதிவில் எண்ணிக்கை மட்டும் இருந்து மணி நேரம் இல்லாமல் போகக்கூடும் என்பதால், பிற்பாடு உங்கள் பக்கம் பேசப்போவது இந்தக் குறிப்பேடுதான்.

மணிக்கூலியைக் கண்டுபிடிக்கும் வழியை 60ஐ பிரிவு தருகிறது. முந்தைய சம்பளக் காலத்தில் ஈட்டிய மொத்தக் கூலியிலிருந்து, வார ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கான தொகையையும் அங்கீகரிக்கப்பட்ட ஊக்கத்தொகையையும் கழித்துவிட்டு, மீதியை உண்மையில் வேலை செய்த சாதாரண நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் நாள்கூலியை ஒரு நாளின் வழக்கமான மணிகளால் வகுத்தால் மணிக்கூலி வந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஓவர்டைம் இல்லாத சென்ற மாதத்தில் 26 நாட்கள் உழைத்து 2,080 ரிங்கிட் ஈட்டியவருக்கு நாள்கூலி 80. எட்டு மணி வேலை என்றால் மணிக்கு 10. அவர் இந்த மாதம் ஒருநாள் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 30 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. அந்த இரண்டு மணியில் தைத்த உருப்படிகளுக்கு 18 ரிங்கிட்தான் தந்தார்கள் என்றால், இன்னும் 12 ரிங்கிட் பாக்கி இருக்கிறது.

ஓய்வு நாளில் வேலை செய்தால் கணக்கு எளிது: ஓர் உருப்படிக்குரிய வழக்கமான விலையைப்போல் இரண்டு மடங்கு. பொது விடுமுறையில், அந்த நாளுக்குரிய விடுமுறைச் சம்பளத்தோடு கூடுதலாக இரண்டு மடங்கும், வழக்கமான நேரத்தைத் தாண்டியபின் மூன்று மடங்கும் தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கான பணம் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

கணக்கு தயாரானதும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் வேலையிடத்துக்கு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் 69ஆம் பிரிவின்படி புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பளச் சீட்டு, குறிப்பேடு, எடைச் சீட்டு, உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். "நீ தொழிலாளி இல்லை, காண்ட்ராக்ட் எடுத்தவன்" என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை நேரத்தையோ வேலை செய்யும் விதத்தையோ மற்றவர் கட்டுப்படுத்தினால் அவரை முதலாளியாகவே கருதலாம் என்று 2023 முதல் 101சி பிரிவு சொல்வதை அங்கே எடுத்துக்காட்டுங்கள்.

இடைத்தரகர் வழியாக வேலை செய்பவர்கள் நாள் கடத்தவே கூடாது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் 33ஆம் பிரிவின்கீழ், அவருக்கு வேலையைக் கொடுத்த மூல நிறுவனத்திடமும் கேட்கலாம். ஆனால் மூன்று மாதக் கூலிக்கு மேல் அதனிடம் கேட்க முடியாது, அதையும் கூலி தர வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புகாராகப் பதிந்திருக்க வேண்டும்.