கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் நேரத்தை வீணாக்காமல் இருக்க

சின்னக் கல்லூரிகளில் ஒரே இணைய இணைப்பைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மதிய இடைவேளையில் அது நத்தையாகிவிடும். பெரிய ஃபைல்களைக் காலையில் லேப் திறந்தவுடன் இறக்கிவிடுங்கள். பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜர் இருந்தால் இன்னும் நல்லது.

பென்டிரைவில் ஒரு சிக்கல் உண்டு. 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைலை அதில் போட்டால், இடம் தாராளமாக இருந்தும் ஏறாது. டிரைவ் ஃபேட்32 (FAT32) என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருப்பதுதான் காரணம். உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொண்டு, எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் நான் இரண்டு பென்டிரைவ்களைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்!

அப்புறம், டெஸ்க்டாப்பில் சேமித்த வேலையை நம்பவே நம்பாதீர்கள். பல லேப்களில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். எழுந்து போகுமுன் ப்ராஜெக்ட்டை பென்டிரைவிலும், உங்களுக்கே ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள்.

மெயில் பார்க்க பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோ (லாகினை நினைவில் வைக்காத தனி விண்டோ) போதும். ஆனால் அதை மூடினால்தான் லாகின் அழியும், மினிமைஸ் செய்தால் அடுத்து உட்காருபவர் உங்கள் இன்பாக்ஸைப் படிப்பார்.

விக்கிப்பீடியா அடிக்கடி தேவைப்பட்டால் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். அதில் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே இல்லாமல் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது.